தேயிலைப் பூ வைத்த லேபிள்

ஊட்டி,
3 பிப்ரவரி 2003

செந்தூரம் ஆப்செட், சிவகாசி, ஆர்ட் ரூம் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். ஊட்டி மார்க்கெட் பக்கத்தில் உள்ள ஹபீப் முகமது ஸ்டுடியோவிலிருந்து எழுதுகிறோம். சோலூர் அருகே ஒரு சிறிய டீ ஃபாக்டரி இருக்கிறது. தேயிலை விலை விழுந்து கிடப்பதால், இனி தூளைத் தாங்களே பாக்கெட் போட்டு விற்பது என்று தீர்மானித்திருக்கிறார்கள். பெயர் ‘வெண்முகில் டீ’. மே மாதம் சீசனுக்குக் கூட்டம் ஏறும்போது பாக்கெட் கடைகளில் இருக்க வேண்டும்.

லேபிளின் முகப்புப் படம் இத்துடன் உள்ள பிளாப்பியில் இருக்கிறது. உங்கள் ஆபீஸில் டிஃப் (TIFF) வகைப் பட ஃபைல் மட்டும்தான் வாங்குவீர்கள் என்று ஹபீப் பாய் சொன்னார். அதனால் டிஃப் ஆகவே அனுப்பியிருக்கிறோம். இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டியிருக்கிறேன். காந்தம் உள்ள எதன் அருகிலும் வைக்க வேண்டாம். இது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மற்றவர்கள் கைக்குப் போனால் அவர்களுக்குத் தெரியாது என்பதால் எழுதுகிறேன்.

கிடைத்ததும் ஒரு வரி எழுதவும்.

இப்படிக்கு,
தாரிணி
(ஹபீப் முகமது ஸ்டுடியோவுக்காக)


சிவகாசி,
8 பிப்ரவரி 2003

ஊட்டி ஸ்டுடியோவுக்கு,

பிளாப்பி வந்தது. எங்கள் ஆர்ட் ரூமில் இருப்பது மேக் கம்ப்யூட்டர். அதில் பிளாப்பி போட வாயே கிடையாது. முன் ஆபீஸில் உள்ள பழைய கம்ப்யூட்டரில் போட்டு, அங்கிருந்து எடுத்து வந்து திறந்தால், ‘இது டிஃப் அல்ல’ என்று கம்ப்யூட்டரே சொல்கிறது. ஜேபிஜி ஃபைலுக்கு டிஃப் என்று பேர் மாற்றி அனுப்பிய மகராசன் யார்? சுண்ணாம்பு டப்பாவின் மேல் ‘சர்க்கரை’ என்று எழுதினால் இனித்துவிடுமா?

சரி என்று திரும்ப ஜேபிஜி என்றே பேர் வைத்துத் திறந்தேன். தபால்தலை அளவுக்கு ஒரு படம். அதைப் பாக்கெட் அளவுக்கு இழுத்தால் குளியலறைச் சுவரில் ஓடு பதித்தது மாதிரி கட்டம் கட்டமாக நிற்கிறது. இதை அச்சடித்து ஒட்டினால் உள்ளே டீத்தூள் இருக்கிறதா, சிமெண்ட் இருக்கிறதா என்று வாங்குகிறவர்கள் கேட்பார்கள்.

விவரம் சொல்லலாம் என்று இரண்டு தடவை போன் செய்தேன். யாரோ எடுத்தார்கள். மூச்சு விட்டார்கள். வைத்துவிட்டார்கள். மலையில் பேச்சுக்கும் பஞ்சம் வந்துவிட்டதா?

உங்கள் ஆர்டருக்கு ஏப்ரல் இரண்டாவது வாரம் மெஷினில் இடம் போட்டிருக்கிறார்கள். அது தவறினால் ஜூனில்தான். சீசன் எப்போது முடியும் என்று உங்களுக்கே தெரியும்.

இசக்கியம்மா
ஆர்ட் ரூம்


ஊட்டி,
13 பிப்ரவரி 2003

இசக்கியம்மா அவர்களுக்கு,

பேரை மாற்றி அனுப்பியது மகராசன் இல்லை, நான். பதினாறு வயது. ஒன்பதாவதோடு பள்ளியை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. போனை எடுத்து மூச்சு விட்டதும் நான்தான். முகம் தெரியாதவர்களிடம் எனக்குப் பேச வராது. முகம் தெரிந்தவர்களிடமும் அதிகம் வராது. கடையில் என்னை உள்ளறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்த்தி வைத்திருப்பதே அதனால்தான். எழுத வரும். அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் சொன்ன சுண்ணாம்பு உதாரணத்தை ஹபீப் பாய் ரசித்து இரண்டு தடவை படித்தார். அதற்குப் பதிலாக, என்ன அளவு, எப்படி மாற்றுவது என்று ஒரு வரி எழுதியிருந்தால் எனக்கு உதவியிருக்கும். கிண்டலுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியவர் விவரத்துக்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லை. பெரிய பிரஸ் என்றால் இப்படித்தான் போலிருக்கிறது.

அடுத்து எழுதப்போவதை இரக்கத்துக்காக எழுதவில்லை. யார் என்று கேட்டீர்கள், அதனால் முழுதாகச் சொல்கிறேன். எங்கள் அப்பா கருணாகரனுக்குச் சோலூரில் ஒன்றரை ஏக்கர் தேயிலை. பறிக்கிற கூலிக்குக்கூட இலை விலை வராததால் பறிப்பதையே நிறுத்திவிட்டார். தங்கமணி என்று ஓர் அக்கா எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகளைச் சேர்த்துக் கீழே நூல் மில்லுக்கு அனுப்புகிறார். மில்லுக்குள்ளேயே ஹாஸ்டல், மூன்று வருடம். ஏப்ரல் முதல் ஞாயிறு வண்டி வருகிறது. இந்த லேபிள் வேலையைக் குறையில்லாமல் முடித்தால் என்னை நிரந்தரமாக வைத்துக்கொள்வதாக ஹபீப் பாய் சொல்லியிருக்கிறார். அப்படி வைத்துக்கொண்டால் மில்லுக்கு அனுப்பவில்லை என்று அப்பா சொல்லியிருக்கிறார். கெட்டுப்போனால் வண்டி ஏற வேண்டியதுதான்.

உங்களுக்கு அது தபால்தலை. எனக்கு அவ்வளவு சின்னதாகத் தெரியவில்லை.

போட்டோவை மறுபடி பெரிதாக ஸ்கேன் செய்து சி.டி.யில் அனுப்பியிருக்கிறேன். எங்கள் கடையில் சி.டி. எழுதும் வசதி இல்லை. சேரிங்கிராஸ் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் போய் வாங்கி வந்தேன். என்ன வேண்டும் என்று அங்கே வாயால் சொல்ல முடியாமல் சீட்டில் எழுதிக் காட்டினேன். சிரித்தார்கள். நீங்களும் சிரியுங்கள். விவரத்தையும் எழுதுங்கள்.

தாரிணி


சிவகாசி,
19 பிப்ரவரி 2003

தாரிணிக்கு,

பதினாறு வயது என்று தெரிந்த பிறகு ‘நீங்கள்’ போட என் பேனா ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு இருபத்தேழு. ஒன்பதாவது படித்ததைப் பெரிய குறையாக எழுதியிருக்கிறாய். நான் ஐந்தாவது. எட்டு வயதில் தீப்பெட்டி ஒட்டியவள், லேபிள் எண்ணி அடுக்கியவள், இந்த ஏ.சி. அறைக்குள் வந்து உட்கார பதினாலு வருடம் ஆனது. எனக்கும் யாரும் தாளில் எழுதித் தரவில்லை.

நீ கேட்டதால் எழுதுகிறேன். படம் பாக்கெட்டின் உண்மை அளவிலேயே இருக்க வேண்டும், ஓர் அங்குலத்துக்கு முந்நூறு புள்ளி. திரையில் நீ பார்ப்பது சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வெளிச்சம். எங்கள் மெஷினில் ஓடுவது நான்கு மை. முதலில் வெளிச்சத்தை மைக்கு மாற்று. அதற்குப் பிறகு டிஃப் ஆகச் சேமி. சேமிக்கும்போது சுருக்கட்டுமா என்று கேட்கும், வேண்டாம் என்று சொல். சுருக்கிய டிஃப்பை எங்கள் பிளேட் மெஷின் துப்பிவிடும். மேக்குக்கா மற்றதற்கா என்று கேட்டால் மேக். ‘வெண்முகில்’ என்ற எழுத்தைப் படமாகவே சேர்த்துவிடு. உன்னிடம் இருக்கும் தமிழ் எழுத்துரு எங்களிடம் இருக்காது. போன மாதம் ஓர் ஊறுகாய்க்காரர் அப்படி அனுப்பி, மாங்காய் இருந்த இடத்தில் வெறும் கட்டங்களாக வந்து சேர்ந்தது.

நீ அனுப்பிய ஜேபிஜியை எத்தனை தடவை திறந்து திறந்து சேமித்தாய்? ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் தின்றுவிடும். இலை ஓரமெல்லாம் எலி கடித்த மாதிரி இருக்கிறது.

இன்னொன்று. படத்தின் மேல்பாதி ஒரே சாம்பல். எங்கள் முதலாளி பார்த்துவிட்டு, “என்னம்மா, லென்ஸத் தொடைக்காமலே எடுத்துட்டாகளா?” என்று கேட்டார்.

மில் ஹாஸ்டலைப் பற்றி எனக்கு நீ சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தெருவிலிருந்தும் போயிருக்கிறார்கள். போனவர்கள் யாரும் கடிதம் எழுதுவதில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

இசக்கியம்மா


ஊட்டி,
26 பிப்ரவரி 2003

இசக்கியம்மா அவர்களுக்கு,

இந்தத் தடவையும் சி.டி.யில், டிஃப் அனுப்பியிருக்கிறேன். இது டிஃப்தான். மேக், சுருக்கவில்லை, முந்நூறு புள்ளி, நான்கு மை. பன்னிரண்டு எம்.பி. இருக்கிறது. எங்கள் கம்ப்யூட்டர் அதைச் சேமித்து முடிப்பதற்குள் வெளியே இரண்டு பேருக்குப் பாஸ்போர்ட் போட்டோ எடுத்து முடித்துவிட்டார் ஹபீப் பாய்.

ஜேபிஜியை ஒன்பது தடவை சேமித்தேன். ஃபாக்டரி மானேஜர் கீர்த்திவாசன் சார் வந்து வந்து எழுத்தை இந்தப் பக்கம் தள்ளு, அந்தப் பக்கம் தள்ளு என்பார். தள்ளிவிட்டுச் சேமிப்பேன். கடைசியில் முதலில் இருந்த இடத்துக்கே வந்து நின்றது. அவருக்கு அது ஒரு பொழுதுபோக்கு. அதற்குள் இலை ஓரம் போய்விட்டது. இந்த டிஃப்பை பிரிண்ட் போட்டோவிலிருந்து புதிதாக ஸ்கேன் செய்துதான் செய்திருக்கிறேன்.

மைக்கு மாற்றியதும் பச்சை செத்துவிட்டது. இதை நீங்கள் சொல்லவில்லை. கொழுந்தின் பச்சை போய், வாளித் தண்ணீரில் ஊறின பாசியின் பச்சை வந்தது. எங்கள் தேயிலைக் காட்டிலிருந்து ஒரு கிளையை ஒடித்து வந்து, ஈரத்துணி சுற்றித் திரைக்குப் பக்கத்தில் வைத்து, மஞ்சளைக் கொஞ்சம் ஏற்றி நீலத்தைக் கொஞ்சம் இறக்கி, மூன்று நாள் உட்கார்ந்து சரி செய்தேன். கிளை வாடும்போதெல்லாம் வேறு கிளை.

சாம்பலைப் பற்றி. அது அழுக்கு இல்லை, மேகம். அதைப் பார்க்கத்தான் உங்கள் ஊர்க்காரர்கள் குரங்குத் தொப்பி போட்டுக்கொண்டு பஸ்ஸில் வாந்தி எடுத்தபடி ஏறி வருகிறார்கள். டீயின் பெயரே வெண்முகில். உங்கள் முதலாளிக்கு அதை வாசித்துக் காட்டுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் தேயிலைச் செடி கிடையாது. நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அதனால் படத்தில் எதையும் அழகு செய்ய வேண்டாம். அப்படியே அச்சடிக்கவும்.

தாரிணி


சிவகாசி,
8 மார்ச் 2003

தாரிணிக்கு,

ஃபைல் திறந்தது. முதல் தடவையே திறந்தது. எங்கள் ஊர்ப் பையன்கள் டிப்ளமோ வாங்கிவிட்டு அனுப்புவது மூன்றாவது தடவைதான் திறக்கும். இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளாதே. திறக்க வேண்டியது திறந்தது, அவ்வளவுதான்.

புரூஃப் இத்துடன் இருக்கிறது. ஆர்டர் கொடுத்தது ஃபாக்டரி என்பதால் ஒரு பிரதி அங்கேயும் நேராகப் போயிருக்கிறது.

எதையும் தொடாதே என்று எழுதியிருந்தாய். வெறும் பச்சையும் சாம்பலுமாக ஒரு லேபிள் அச்சாகி வந்தால் கடை அலமாரியில் அது அழுகின கீரைக்கட்டு மாதிரி உட்கார்ந்திருக்கும். நான் இதுவரை செய்த லேபிள் ஆயிரத்துக்கு மேல். நெய், பத்தி, அப்பளம், பட்டாசு, எதுவானாலும் ஒரு பூ இருக்கும். மக்கள் கை பூவுக்குத்தான் போகும். தேயிலைக்குப் பூ உண்டா என்று புத்தகத்தில் தேடினேன். உண்டு. வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள். ஏதோ ஒரு மல்லிகையை ஒட்டிவிடவில்லை. தேயிலைப் பூவையே பார்த்து, முன்வரிசைச் செடிகளில் பதினாறு பூவும் சில மொட்டும் நானே வரைந்தேன். ஒவ்வொரு இதழுக்கும் நிழல் கொடுத்திருக்கிறேன். மேகத்தைத் துடைத்து வானத்துக்குக் கொஞ்சம் நீலம் கொடுத்தேன். முதலாளி பார்த்துவிட்டு, வருகிறவர்களுக்குக் காட்டுகிற மாதிரி ஆல்பத்தில் இதைச் சேர் என்றார். அவர் அப்படிச் சொல்வது வருடத்துக்கு ஒரு தடவை.

தேயிலை பார்த்திருக்க வாய்ப்பில்லை என்று எழுதினாயே, இப்போது பார்.

சரி என்று புரூஃபில் கையெழுத்துப் போட்டு அனுப்பு, அதற்குப் பிறகுதான் அச்சு.

இசக்கியம்மா


ஊட்டி,
14 மார்ச் 2003

இசக்கியம்மா அவர்களுக்கு,

பார்த்தேன். எல்லோரும் பார்த்தார்கள்.

தேயிலைக்குப் பூ உண்டு. அழகான பூ. ஆனால் வாரம் தவறாமல் கொழுந்து கிள்ளி, காலத்தில் கவாத்து வெட்டி வளர்க்கிற செடியில் அதைப் பார்ப்பது அபூர்வம். ஆள் கைவிட்ட செடிதான் இஷ்டத்துக்கு ஓங்கிப் பூத்து நிற்கும். விலை விழுந்த இந்த இரண்டு மூன்று வருடத்தில்தான் மலையெங்கும் பூவாகக் கிடக்கிறது. எங்கள் ஒன்றரை ஏக்கரும் அப்படித்தான். அப்பா அந்தப் பக்கம் நடப்பதையே விட்டுவிட்டார். எந்தப் புத்தகத்தில் பார்த்தீர்களோ, அதில் இது போட்டிருக்காது. டீ விற்கிற பாக்கெட்டின் முகப்பில் பதினாறு பூவும் சில மொட்டும் வைப்பது, ஓட்டல் வாசலில் ‘இங்கே ஆறு மாதமாக அடுப்பு எரியவில்லை’ என்று போர்டு மாட்டுவதுபோல.

கீர்த்திவாசன் சார் செவ்வாய்க்கிழமை கடைக்கு வந்தார். புரூஃபை மேஜையில் போட்டார்.

“ஏனுங்க பாய், இது எந்தப் பாழடஞ்ச காட்டுப் படமுங்க? ஏற்கெனவே பாதித் தோட்டம் பூத்துக் கெடக்குது. அதையே புடிச்சு லேபிள்ல போட்டு, ஊரு சிரிக்கட்டும்னு பண்ணுனீங்களா?”

ஹபீப் பாய் என்னைப் பார்த்தார். ஃபாக்டரிக்குப் படம் செய்தது நான் என்று எல்லோருக்கும் தெரியும். பூ என்னுடையது இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். மூன்று வார்த்தை. என்னால் முடியவில்லை. சும்மா நின்றால் ஒப்புக்கொண்டது என்றுதான் அர்த்தம், எனக்கே தெரியும். சார் என்னைப் பார்க்காமலே பாயிடம், ஒன்பதாவது படித்த பிள்ளையிடம் வேலையைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று சொன்னார். அவர் முன்னால் இருந்த டீயையும் குடிக்காமல் போனார். அது நஷ்டம் இல்லை, ஹபீப் பாய் கடை டீ நன்றாக இருக்காது.

இந்த மாதம் இருபத்தொன்பதாம் தேதி சனிக்கிழமையோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார் பாய். அந்தச் செவ்வாய்க்கிழமை இரவே அப்பா தங்கமணி அக்காவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்.

பூ வரைந்தவர் ஏ.சி. அறையில் இருக்கிறார். வரையாதவள் வண்டி ஏறப்போகிறாள். மன்னிப்பு எனக்கு வேண்டாம், அதை வைத்து நான் என்ன செய்வேன். பூவை யார் வைத்தது என்று கீர்த்திவாசன் சாருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எழுதமாட்டீர்கள் என்று தெரியும். ஆல்பத்திலிருந்து எடுக்க வேண்டியிருக்குமே.

தாரிணி


சிவகாசி,
24 மார்ச் 2003

தாரிணிக்கு,

உன் கடிதத்தை முதல் தடவை படித்துவிட்டுக் கிழிக்கப் போனேன். அடுப்பு எரியாத ஓட்டல் என்ற இடத்தில் நின்றுவிட்டேன். பிறகு புரூஃபை எடுத்துச் சுவரில் குத்தி வைத்துவிட்டு, கைவிட்ட தோட்டம் என்று நினைத்துக்கொண்டு பார்த்தேன். பூ நன்றாகத்தான் இருக்கிறது. அதனாலேயே பார்க்க முடியவில்லை. எடுத்துவிட்டேன்.

கீர்த்திவாசன் என்பவருக்குக் கடிதம் எழுதி, ஒட்டாமல் இத்துடன் வைத்திருக்கிறேன். படித்துவிட்டுக் கொடு. அதில் மன்னிப்பு இல்லை. பூவும் நீல வானமும் இசக்கியம்மா என்கிற நான் வைத்தது, ஊட்டியிலிருந்து வந்த ஃபைலில் அவை இல்லை, வைக்க வேண்டாம் என்று அந்தப் பெண் எழுதியும் வைத்தேன் என்று மட்டும் இருக்கிறது. உனக்காகச் செய்ததாக நினைக்காதே. நான் செய்த வேலைக்கு இன்னொருத்தி பேர் வாங்குவது எனக்குப் பிடிக்காது, அது கெட்ட பேராகவே இருந்தாலும்.

கடிதத்தில் பிரஸ் முத்திரை வேண்டும் என்பதால் முதலாளியிடம் கொண்டுபோனேன். அவர் முழுதும் படித்தார். முத்திரையைக் குத்திக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, “நீ கொஞ்ச நாளு கட்டிங்கில போயி நில்லு தாயி” என்றார். கொஞ்ச நாள் என்பது இங்கே தீபாவளி வரைக்கும். இப்போது லேபிள்களை வெட்டுகிறேன். ஆர்ட் ரூமுக்குள் வருவதற்கு முன்னால் நின்ற அதே இடம். மெஷின் மட்டும் புதிது.

திருத்திய புரூஃப் இத்துடன். உன் ஃபைல் எப்படி வந்ததோ அப்படியே. மேகமும் அப்படியே. எனக்கு இன்னும் அது அழுக்காகத்தான் தெரிகிறது.

ஏப்ரல் பத்தாம் தேதிக்குள் பதில் வராவிட்டால் மெஷினில் உங்கள் இடத்தை ஓர் ஊதுபத்திக் கம்பெனிக்குக் கொடுத்துவிடுவார்கள்.

இசக்கியம்மா


ஊட்டி,
8 ஏப்ரல் 2003

இசக்கியம்மா அக்காவுக்கு,

‘நன்றி’ என்று மேலே எழுதிப் பார்த்தேன். உங்களுக்குப் பொருந்தவில்லை. அந்தத் தாளை எடுத்துவிட்டு வேறு தாளில் எழுதுகிறேன்.

மார்ச் இருபத்தொன்பதாம் தேதி, என் கடைசிச் சனிக்கிழமை, ஃபாக்டரியில் தேயிலைக்காரர்கள் கூட்டம். அப்பாவும் போனார், நானும் போனேன். ஆர்டர் கைவிட்டுப் போய்விடக்கூடாது என்று ஹபீப் பாயும் வந்திருந்தார். உங்கள் கடிதத்தைக் கீர்த்திவாசன் சாரிடம் நீட்டினேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார். வாசித்துவிட்டு மடித்தார்.

“கடுதாசி யாரு வேணாலும் எழுதலாமுங்க. முத்திரையும் யாரு வேணாலும் குத்தலாம்.”

இப்படித்தான் சொல்வார் என்று எனக்குத் தெரியும். அவரை எட்டு மாதமாக உள்ளறையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேனே. அதனால் காலையிலேயே ஒரு வேலை செய்து வைத்திருந்தேன். அவர் ஆபீஸில் இருப்பது மிகப் பழைய கம்ப்யூட்டர். சி.டி. போட முடியாது. டிஃப்பைக் கொடுத்தால் என்னவென்றே அதற்குத் தெரியாது. ஜேபிஜியும் திறக்காது. பொம்மை வரைகிற பெயிண்ட் மட்டும் இருக்கிறது. அது பி.எம்.பி. என்றால் திறக்கும். உங்களுக்கு அனுப்பிய அந்த டிஃப்பையே திரும்ப வெளிச்சமாக மாற்றி, எண்ணூறுக்கு அறுநூறு புள்ளியாகக் குறைத்து, பி.எம்.பி. ஆகச் சேமித்தேன். ஒரு பிளாப்பியில் மயிரிழையில் அடங்கியது. நீங்கள் பார்த்தால் காறித் துப்புவீர்கள். அந்தக் கம்ப்யூட்டருக்கு அதுதான் ருசி.

பிளாப்பியைப் போட்டேன். அது கரகரவென்று படிக்க ஆரம்பித்தது. திரையில் மணல் கடிகாரம். ஒரு நிமிஷம் இருக்கும். என் பின்னால் முப்பது பேர். ஒருவர், இந்தப் பிள்ளை பூவை வைத்துவிட்டுப் பிரஸ்காரர்களைக் குறை சொல்லப் பார்க்கிறது என்றார். நான் திரும்பவில்லை. திரையைப் பார்த்தபடியே சொன்னேன்.

“எங்க காடே பூத்துத்தானுங்க கெடக்குது. பூத்தா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதுங்களா?”

என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவர் மட்டும் இல்லை, குனிந்தவர்கள் நிறையப் பேர். பூக்காத காடு வைத்திருக்கிறவர்கள் அந்த அறையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று சந்தேகம்.

அப்போது படம் வந்தது. சரிவு, சமமாக வெட்டிய செடிகள், இரண்டு சில்வர் ஓக் மரம், மேகம். ஒரு பூ இல்லை. உங்களுக்கு அனுப்பிய சி.டி.யின் இன்னொரு பிரதியையும், ஃபைலில் பிப்ரவரி இருபத்தைந்து என்று தேதி உள்ளதை, மேஜையில் வைத்தேன். உங்கள் புது புரூஃபைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தேன். சார் இரண்டையும் பார்த்தார். பாயிடம், “சரிங்க, இதையே அடிக்கச் சொல்லுங்க” என்றார். ஒன்பதாவது பற்றிச் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவருக்கு வாய் வரவில்லை. வராவிட்டால் போகட்டும். பாய், திங்கட்கிழமை வந்துவிடு பிள்ளை என்று சொல்லிவிட்டுப் போனார், நான் இரண்டு நாள் லீவில் போயிருந்தவள் மாதிரி.

ஆனால் அப்பாவுக்கு வேறு கவலை. வீட்டுக்கு வந்ததும், தங்கமணிக்கு வாக்குக் கொடுத்துவிட்டேனே கண்ணு என்றார். வாரம் முழுதும் அதையே சொன்னார்.

போன ஞாயிறு வண்டி வந்தது. தங்கமணி அக்கா வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து ஒரு நோட்டீஸைக் கொடுத்தார். மில்லின் படம், வழவழப்பான தாள், கலர். கட்டடம், தோட்டம், மெஷின் முன்னால் வரிசையாகச் சிரிக்கிற பெண்கள். அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு, எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள் பார் என்று என்னிடமே காட்டினார். நான் பார்த்தேன். எனக்கு வேறு என்ன தெரியும், படம் பார்க்கத்தான் தெரியும். கட்டடத்தை அகலத்தில் இழுத்திருந்தார்கள், ஜன்னலெல்லாம் படுத்துக்கொண்டிருந்தது. பெண்கள் மூன்று பேர். முதல் பெண்ணுக்குச் சிவப்புத் தாவணி, இரண்டாவது பெண்ணுக்கு நீலம், மூன்றாவதுக்குப் பச்சை. அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு ஸ்கேலை எடுத்து வைத்து அப்பாவுக்குக் காட்டினேன். தாவணிக் கலரை மாற்றி, நடுவில் இருப்பவளைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். மூக்குத்தி இந்தப் பக்கம், இந்தப் பக்கம், நடுவில் மட்டும் அந்தப் பக்கம்.

“மூணும் ஒரே புள்ளைங்கப்பா.”

அப்பா நோட்டீஸை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். விரலை ஒவ்வொரு மூக்கிலும் வைத்துப் பார்த்தார். தங்கமணி அக்கா, படம் எப்படி இருந்தால் என்ன அண்ணா, வேலை நிஜம்தானே என்று சிரித்தார்.

“அங்க எத்தனை புள்ளைக இருக்குதுன்னு சொன்னீங்க?”

“நானூறு இருக்குமுங்கண்ணா.”

“அப்ப மத்தவிகளை ஏனுங்க படம் புடிக்கலை?”

அக்கா நோட்டீஸுக்குக் கை நீட்டினார். வண்டி ஹாரன் அடித்தது. அப்பா நோட்டீஸை நாலாக மடித்து அவர் கையில் கொடுத்துவிட்டு, வாக்கு மாறிவிட்டேன் என்று ஊரில் சொல்லிக்கொள்ளுங்கள் என்றார்.

நான் போகவில்லை. அதுதான் கேட்டிருப்பீர்கள்.

என் இடம் காலியாகவும் போகவில்லை. பக்கத்து வீட்டுச் சின்னம்மை ஏறினாள். பதினைந்து வயது. ஓடிப்போய் அவள் வீட்டிலும் சொன்னேன். மூக்குத்தியைக் காட்ட நோட்டீஸ் கையில் இல்லை. வாயால் மட்டும் சொன்னதில், ஸ்டுடியோவில் வேலை கிடைத்த திமிர் என்றார்கள். வண்டி திரும்புகிற இடத்தில் நின்று பார்த்தேன். ஜன்னலோரம் முகங்கள் தெரிந்தன. எண்ணினேன், பதினொன்று. ஒன்றுகூட இன்னொன்றைப்போல் இல்லை.

மில்லின் பெயரையும் ஊரையும் நோட்டீஸில் படித்து மனசில் வைத்திருந்தேன். தனித் தாளில் எழுதியிருக்கிறேன். உங்கள் தெருவிலிருந்து போனவர்கள் இதே மில்லா என்று கேட்டுப் பாருங்கள். சின்னம்மைக்கு வாரம் ஒரு கடிதம் போடப்போகிறேன். பதில் வராத கடிதங்களை எண்ணி வைப்பேன்.

கையெழுத்துப் போட்ட புரூஃப் இத்துடன் இருக்கிறது, பத்தாம் தேதிக்குள் கிடைக்க கூரியரில் அனுப்புகிறேன். ஆர்ட் ரூமுக்குப் போகாமல் கட்டிங் செக்‌ஷனில் நிற்பவரிடம் கொடுக்கும்படி உறைமேல் எழுதியிருக்கிறேன். மேகத்தின் ஓரத்தை வெட்டிவிடாதீர்கள்.

பிழை இல்லை. அச்சடிக்கலாம்.

தாரிணி